பல் கூச்சமும் ஒரு நோட்டுப் புத்தகமும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில், பல் மருத்துவரான முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"பல் டாக்டர் பேசினால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், கூட்டம் அமைதியாக நடக்கும்" என்று சொல்லித்தான் செயலாளர் என்னை மேடை ஏற்றினார். பயப்படாதீர்கள், கையில் ஊசி எதுவும் கொண்டுவரவில்லை.

இங்கே நான் பி.யூ.சி. படித்தபோது கெமிஸ்ட்ரி லேபில் உப்புகளைச் சுடரில் காட்டிக் கண்டுபிடிப்போம். செக்கச் சிவப்பாக எரிந்தால் ஸ்ட்ரான்ஷியம், இளம் ஊதாவாக எரிந்தால் பொட்டாசியம். அந்த இரண்டும் பிற்காலத்தில் என் பிழைப்போடு ஒட்டிக்கொள்ளும் என்று அன்றைக்குத் தெரியாது. 1961-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த சென்சோடைன் பேஸ்டில் இருந்த மருந்து ஸ்ட்ரான்ஷியம் குளோரைடு. 1974-இல் ஹோடோஷ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் பல் கூச்சத்துக்குப் பொட்டாசியம் நைட்ரேட்டைச் சிபாரிசு செய்தார். அது வேறொன்றுமில்லை, பட்டாசுக்குப் போடும் வெடியுப்புதான். இன்று கூச்சப் பேஸ்டுகள் பலவற்றில் 5 சதவீதம் அளவில் அது இருக்கிறது.

கூச்சம் ஏன் வருகிறது? பல்லின் மேலே எனாமல், அதற்கு உள்ளே டென்டின். டென்டினில் கண்ணுக்குத் தெரியாத குழாய்கள் ஒரு சதுர மில்லிமீட்டரில் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றுக்குள் திரவம் இருக்கிறது. எனாமல் தேய்ந்தோ, ஈறு இறங்கியோ அந்தக் குழாய்களின் வாய் திறந்துகொண்டால், ஐஸ் தண்ணீரோ காற்றோ பட்டதும் திரவம் அசைகிறது. உள்ளே நரம்பு துள்ளுகிறது. 1960-களில் ஸ்வீடனைச் சேர்ந்த பிரன்ஸ்ட்ரோம் நிறுவிய கருத்து இது. ஆக வழி இரண்டு: ஒன்று குழாயை அடைக்க வேண்டும், அல்லது நரம்பை அமைதிப்படுத்த வேண்டும்.

நம்ம வண்ணாரப்பேட்டையில் இதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. செங்கல் பொடி, அடுப்புக் கரி என்று வைத்துத் தேய்த்த தலைமுறை நம்முடையது. அப்புறம் எலுமிச்சை சோடா. ஆசிட் ஆவியில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு முன்பற்கள் கரைவது பாடப்புத்தகத்திலேயே உள்ள தொழில் நோய்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். பெருமைக்காகச் சொல்லும் கதை அல்ல.

தொண்ணூறுகளின் தொடக்கம். எம்.சி. ரோடு பக்கம் சின்னதாக கிளினிக் வைத்திருந்தேன். ஒரு கம்பெனி ரெப், கூச்சத்துக்கான பேஸ்ட் ட்யூப்களை ஒரு பெட்டி நிறையக் கொடுத்து, "நீங்களே டெஸ்ட் பண்ணிப் பாருங்க டாக்டர்" என்றார். எனக்கும் ஆராய்ச்சி ஆசை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கோடு போட்டேன். கூச்சம் என்று வந்தவர்களுக்கெல்லாம் ட்யூப் கொடுத்து, திரும்பி வந்ததும் 'தேவலை', 'குணம்' என்று குறித்துக்கொண்டேன். பக்கம் பக்கமாக 'தேவலை'. எனக்குத் தலைகால் புரியவில்லை.

காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவர் வந்தார். கீழ்க் கடைவாயில் கூச்சம். ஈறு இறங்கியிருந்தது, பேஸ்ட் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து, "கொஞ்சம் தேவலை தம்பி" என்றார். இன்னும் ஒரு மாதம் போனது. "இப்போ கூச்சமே இல்ல தம்பி, ஐஸ் தண்ணி குடிச்சாக்கூட ஒண்ணும் தெரியல." சிவப்பு மையில் 'முழு குணம்' என்று எழுதினேன்.

அடுத்து அவர் வந்தபோது கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. எக்ஸ்ரே எடுத்தேன். இரண்டு பற்களுக்கு நடுவே ஆழமான சொத்தை. கூச்சம் நின்றது பேஸ்டால் அல்ல. பல்லின் நரம்பு செத்துப் போனதால். பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. பல் போனது மட்டுமா? நாலு நாள் வியாபாரமும் போச்சு.

"முதல்ல தேவலைன்னு சொன்னீங்களேம்மா?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்றைக்கும் காதில் இருக்கிறது: "நீ அவ்ளோ ஆசையா கேட்டே. இல்லன்னா உன் மனசு கஷ்டப்படுமேன்னு சொன்னேன் தம்பி."

நண்பர்களே, என் நோட்டுப் புத்தகம் அன்றோடு மூடியது. ஒரு மருந்தை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

முதலாவது, சொத்தை, விரிசல், பழைய அடைப்பின் ஓட்டை எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகே அது 'கூச்சம்'. இரண்டாவது, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு வேண்டும்; அவர்களுக்கு அந்த மருந்து மட்டும் இல்லாத சாதாரணப் பேஸ்ட். ஏனென்றால் கூச்சம் தானாகவே ஏறி இறங்கும். அது உச்சத்தில் இருக்கும்போதுதான் ஜனங்கள் டாக்டரிடம் வருவார்கள். பிறகு எது கொடுத்தாலும் குறையும். உமிழ்நீரும் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாயை அடைக்கும். மூன்றாவது, யாருக்கு எந்த ட்யூப் என்பது நோயாளிக்கும் தெரியக்கூடாது, சோதிக்கும் டாக்டருக்கும் தெரியக்கூடாது. அந்த அம்மாவின் அன்பும் என் ஆசையும் கணக்கில் நுழையாமல் இருக்க இதுதான் வழி. நான்காவது, பொறுமை. 1997-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் பொதுவாக 8 வாரம் என்கிறது.

அளப்பதற்கும் முறை உண்டு. முதலில் மெல்லிய கருவியால் தொட்டு, எத்தனை கிராம் அழுத்தத்தில் கூசுகிறது என்று பார்ப்பார்கள். சற்று இடைவெளி விட்டு, பக்கத்துப் பற்களை மறைத்து, ஒரு விநாடி காற்று அடித்து 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள்.

இவ்வளவு செய்தும் தீர்ப்பு எளிதல்ல. பொட்டாசியம் பேஸ்டுகள் பற்றி 2006-இல் வந்த காக்ரேன் ஆய்வறிக்கை, ஆறு சோதனைகளை ஒன்றாக்கிப் பார்த்தது. தொடுதலிலும் காற்றிலும் பலன் தெரிந்தது. நோயாளிகள் தங்கள் வாயால் சொன்ன மதிப்பீட்டில் தெளிவான வித்தியாசம் இல்லை. வலுவான ஆதாரம் இல்லை என்றே அது முடித்தது. பிறகு ஆர்ஜினின், பயோ கிளாஸ் என்று குழாயை அடைக்கும் புதிய பேஸ்டுகள் வந்தன. அவற்றுக்கும் இதே பரீட்சைதான்.

மாணவச் செல்வங்களே, உங்களையோ உங்கள் வீட்டாரையோ இப்படி ஒரு சோதனைக்கு யாராவது கூப்பிடலாம். தாராளமாகப் போங்கள், யாராவது உட்கார்ந்தால்தான் மருந்து நிரூபணமாகும். ஆனால் கேட்டுவிட்டுப் போங்கள். சம்மதப் படிவம் தமிழில் இருக்கிறதா? நெறிமுறைக் குழு அனுமதித்ததா? 2007-இல் தொடங்கிய இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு எண் உண்டா? நடுவில் விலகலாமா? நாள் கூலி போனால் என்ன ஏற்பாடு? கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. அங்கே உட்கார்ந்த பிறகு, டாக்டர் மனம் நோகுமே என்று பார்க்காமல் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அதுதான் நீங்கள் செய்யும் பெரிய உதவி.

வீட்டுக்கு ஒரு வார்த்தை. மெதுவான பிரஷ் போதும், அழுத்தித் தேய்க்காதீர்கள். புளிப்போ சோடாவோ குடித்த கையோடு பல் தேய்க்காதீர்கள். ஒரே பல்லில் வலி, ராத்திரியில் எழுப்பும் வலி, தண்ணீரைத் துப்பிய பிறகும் நிற்காத வலி என்றால் பேஸ்டை நம்பி உட்காராமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. 'முழு குணம்' என்ற சிவப்பு எழுத்தை நான் அடிக்கவில்லை. புதிதாக ஒரு ரெப் வந்து பெட்டியை வைக்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்தை ஒரு தடவை புரட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.