கார்டுக்கு ஒரு துபாஷி
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பழைய லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அவற்றில் லினக்ஸ் போட்டு, நம் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று ஆரம்பித்தேன். லினக்ஸ் நமக்குப் புதுசு அல்ல. 2011-ல் தமிழ்நாடு அரசு தந்த இலவச மடிக்கணினிகளில், சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்ந்தே இருந்தது.

முதல் லேப்டாப் பாகூர்ப் பக்கத்து மாணவி ஒருத்திக்குப் போனது. இரண்டே நாளில் திரும்பக் கொண்டுவந்தாள். "சார், எல்லாம் வருது, வைஃபை மட்டும் வரலை. ஓட்டை மிஷினைக் குடுத்துட்டாங்களான்னு அப்பா கேக்கறார்." அசைன்மெண்டைப் பக்கத்து வீட்டு செல்போனில் அனுப்பியிருக்கிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் வீட்டில் கேபிள் செருகித்தான் சோதித்திருந்தேன். வைஃபையைப் பார்க்கவே இல்லை.

கார்டு கெட்டுப்போகவில்லை. நம்ம ஊர்க் கதையாகவே சொல்கிறேன். டூப்ளேக்குத் தமிழ் தெரியாது. நடுவே ஆனந்தரங்கப் பிள்ளை என்ற துபாஷி இருந்தார், காரியம் நடந்தது. லினக்ஸுக்கும் வைஃபை கார்டுக்கும் நடுவே டிரைவர்தான் துபாஷி. துபாஷி மட்டும் போதாது. பல கார்டுகள் விழித்தெழ ஃபர்ம்வேர் என்ற கோப்பையும் அதற்கு ஊட்ட வேண்டும். அந்தக் கோப்பின் மூலநிரலைக் கார்டு நிறுவனங்கள் பெரும்பாலும் தருவதில்லை. அதனால் டெபியன் லினக்ஸ் நெடுங்காலம் அதைத் தன் நிறுவல் வட்டில் சேர்க்காமலே இருந்தது. 2022-ல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் சேர்த்துக்கொண்டார்கள். நான் போட்டதோ அதற்கு முந்தைய பழைய பென்டிரைவ்!

ஃபர்ம்வேரை இறக்க நெட் வேண்டும்; நெட் வர ஃபர்ம்வேர் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்தக் கதை. கடைசியில் என் செல்போனை யூஎஸ்பி வயரில் மாட்டி, அதன் நெட்டைப் பகிர்ந்து கோப்பை இறக்கினேன். அணைத்துப் போட்டதும் பக்கத்து வீட்டு வைஃபை பெயர்களெல்லாம் வரிசையாக வந்து நின்றன.

இந்தத் துபாஷிகளில் சிலர் சும்மா வந்துவிடவில்லை. பிராட்காம் சிப்புகளுக்கு லினக்ஸ் டிரைவர் கிடைக்காத காலத்தில் தன்னார்வலர்களே முனைந்தார்கள். ஒரு குழு அந்தச் சிப் வேலை செய்யும் விதத்தை ஆராய்ந்து எழுதிவைத்தது. அதைப் படித்து வேறொரு குழு டிரைவர் எழுதியது. 2006-ல் அது லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. 2010 செப்டம்பரில் அந்த நிறுவனமே தன் புதிய சிப்புகளுக்குத் திறந்த மூல டிரைவரை வெளியிட்டது. யாரோ முகம் தெரியாதவர்கள் உட்கார்ந்து செய்த வேலை, நண்பர்களே! நாம் செய்யவேண்டியது அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

என் வேண்டுகோள் இதுதான். பரணில் கிடக்கும் லேப்டாப்பைக் கொண்டுவாருங்கள். புதிய லினக்ஸ் பென்டிரைவில் கிளப்பிப் பார்ப்போம், ஒன்றையும் அழிக்கவேண்டியதில்லை. வைஃபை பெயர்கள் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் டெர்மினலில் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை கொடுத்தால் பெரும்பாலும் சிப்பின் பெயர் தெரிந்துவிடும், கோப்பைத் தேடிக்கொள்ளலாம். அதுவும் ஆகாவிட்டால், லினக்ஸுக்கு ஒத்துவரும் சின்ன யூஎஸ்பி வைஃபை ஒன்று வாங்கிச் செருகினால் போதும். ஆனால் சோதிக்காமல் மட்டும் யார் கையிலும் கொடுக்கவேண்டாம். நாம் கொடுப்பது பழசாக இருக்கலாம், ஓட்டையாக இருக்கக்கூடாது.

அந்த மாணவி இப்போது தானே இரண்டு லேப்டாப்புகளுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறாள். முதலில் வைஃபையைத்தான் பார்த்தாளாம்!