பருவங்கள் நடத்தும் பாலர் வகுப்பு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

இத்தலைநகரில் மூன்று வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளோடு பல ஆண்டுகளாகப் பழகி வருபவள் நான். எனக்குத் தெரிந்த உலகம் அவர்கள் உலகமே. அவ்வுலகத்திற்குள் பருவங்கள் எவ்வாறு வந்து போகின்றன என்பதைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விழைகின்றேன்.

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகின்றேன். ஒரு மாசித் திங்களில் குழந்தைகளை மரம் வரையச் சொன்னேன். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி இலையே இல்லாத மரம் ஒன்றை வரைந்து, கிளையெங்கும் சிவப்பு வண்ணத்தை அப்பியிருந்தாள். “மரம் பச்சையாக அல்லவா இருக்கும்?” என்று கூறிப் பச்சை வண்ணக்கோலை நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. “டீச்சர், வாங்க, காட்டறேன்” என்று என் கையைப் பற்றிச் சன்னலருகே இழுத்துச் சென்றாள். சாலைக்கு அப்பால் முள்ளிலவு மரம் ஒன்று, இங்குள்ளோர் ‘சேமல்’ என்று அழைக்கும் மரம், ஓர் இலையும் இன்றிச் செம்மலர்களை மட்டும் சுமந்து நின்றது. நாள்தோறும் அதன் நிழலில் நடந்து வந்தவள் நான். நான் காணவில்லை, குழந்தை கண்டிருந்தாள். அன்று ஆசிரியர் யார், மாணவர் யார் என்பதை உங்கள் முடிவுக்கே விடுகின்றேன்.

இப்பிழை என் ஒருத்தியின் பிழை மட்டும் அன்று. நம் பாலர் வகுப்புச் சுவர்களில் தொங்கும் படங்களைப் பாருங்கள். பனிமனிதன் நிற்கின்றான். குளிர் வருமுன் இலைகள் சிவந்து உதிர்கின்றன. அவை குளிர்நாடுகளின் உண்மை. தில்லியில் வேம்பும் அரசும் இலை உதிர்ப்பது குளிர் கழிந்த பின்னர், மாசியிலும் பங்குனியிலும் ஆகும். புத்தகம் ஒன்று கூற, கண் வேறொன்று காணும்பொழுது, குழந்தை எதை நம்புவது? கண்ணை நம்பாதே, படத்தை நம்பு என்று நாம் அறியாமலே கற்பித்து விடுகின்றோம். கல்வியின் தொடக்கத்திலேயே நேரும் இவ்விழப்பு சிறிதன்று.

நம் முன்னோர் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். வட இந்திய மரபும் ஆறு பருவங்களையே கூறுகின்றது. அந்த ஆறினையும் குழந்தைகள் தாமே கண்டறியட்டும் என்று, அச்சிறுமியால் திருந்திய பின் ஒரு செயல்திட்டம் வகுத்தோம். அது மிக எளியது. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை அதே மரங்களிடம் செல்வோம். பறிக்கக்கூடாது, உதிர்ந்ததை மட்டும் துணிப்பையில் எடுக்கலாம். வகுப்பிற்குத் திரும்பி அவற்றை எண்ணுவோம், இனம் பிரிப்போம், வரைவோம், அவற்றைக்கொண்டு கதை கட்டுவோம்.

வைகாசி வெயிலில் கொன்றை பொன்னிறச் சரங்களைத் தொங்கவிடும். மழை தொடங்கியதும் நாவற்பழம் உதிர்ந்து நடைபாதை ஊதா நிறமாகும். புரட்டாசிக் காலையில் பவழமல்லி புல்லின்மேல் கிடக்கும். ஐப்பசி இரவில் ஏழிலைப்பாலையின் மணம் தெருவையே நிறைக்கும். அம்மரத்தின் இலைக்கொத்தை ஒருநாள் எண்ணச் சொன்னேன். ஒருவன் ஏழு என்றான். ஒருத்தி ஆறு என்றாள். மற்றொருவன் ஐந்து என்று அழமாட்டாக் குறையாக நின்றான். மூவர் கூறியதும் சரியே. பெயரில் ஏழு இருப்பினும், மரம் எப்பொழுதும் ஏழு என்னும் கணக்கிற்குக் கட்டுப்படுவதில்லை. பெரியவர் சொல்லையும் சரிபார்க்கலாம் என்னும் துணிவு அன்று அவனுக்கு வந்தது.

கற்பனை எங்கே என்று கேட்பீர்கள். கற்பனை வெறுங்கையிலிருந்து பிறப்பதில்லை. தொட்டு, முகர்ந்து, தூக்கிப் பார்த்த பொருளிலிருந்தே அது கிளைக்கின்றது. அந்த இலைக்கொத்து ஒரு குழந்தைக்குக் குடை ஆயிற்று. மற்றொன்றுக்கு அரக்கனின் கை ஆயிற்று. பவழமல்லியின் காம்பைக் கசக்கி வந்த மஞ்சள் சாயத்தால் ஒரு சிறுவன் கதிரவனை வரைந்தான். சூரியன் இரவில் இப்பூவுக்குள்தான் தூங்குகிறது என்று விளக்கமும் தந்தான். இத்தகைய விளக்கத்தை எந்தப் புத்தகம் அவனுக்குக் கொடுத்திருக்கும்?

இவ்வழி புதிதும் அன்று. கிஜுபாய் பதேகா 1920இல் பாவ்நகரில் பாலர் மந்திரத்தைத் தொடங்கினார். அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக் 1945இல் போர்டி என்னும் ஊரில் சிற்றூர்க் குழந்தைகளுக்காகப் பணி தொடங்கி, சுற்றுப்புறத்தில் கிடைக்கும் எளிய பொருள்களையே கல்விக் கருவிகளாக்கினார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையார், போர்க்காலத்தில் கோடைக்கானலில் சில ஆண்டுகள் தங்கியபொழுது, செடி கொடிகளையும் சிற்றுயிர்களையும் குழந்தைகளோடு கூர்ந்து கண்டு தம் கொள்கைகளை வளர்த்தார். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் மூன்று முதல் எட்டு வயது வரை விளையாட்டும் கண்டறிதலுமே கல்வி என்கின்றது.

ஆயினும் பெற்றோர் சிலர் வருந்துவதுண்டு. “இலை பொறுக்கவா பள்ளிக்கு அனுப்புகிறோம்? எழுத்து எப்போது வரும்?” என்று ஒரு தந்தையார் கேட்டார். அவருடைய மகன் ‘மழை’ என்னும் சொல்லை எழுதக் கற்ற நாளை அவரிடம் கூறினேன். தில்லியில் பெருமழை ஆனியில் தொடங்கிப் புரட்டாசியோடு முடிந்துவிடுகின்றது. ஐப்பசியில் வானம் வறண்டிருக்கும். அவ்வேளையில் ஊரிலுள்ள பாட்டியோடு தொலைபேசியில் பேசி, அங்கு என்ன பருவம் என்று கேட்டு வருமாறு குழந்தைகளிடம் சொன்னோம். “பாட்டி ஊர்ல அடைமழையாம்! இங்க ஏன் இல்ல?” என்று அவன் ஓடி வந்தான். சுவரில் இரண்டு கட்டங்கள் வரைந்தோம்: ஒன்று பாட்டி ஊர் வானம், மற்றொன்று நம் ஊர் வானம். பாட்டியின் கட்டத்திற்குப் பெயரிட அவனுக்கு ‘ழ’ தேவைப்பட்டது. தேவைப்பட்ட எழுத்து ஒரே நாளில் வந்தது. இன்றுவரை அதை அவன் பிழையாக ஒலித்ததில்லை.

இனி, சற்றே மனம் கனக்கும் செய்தி ஒன்று. ஆண்டு முழுவதையும் ஒரு வட்டமாக வரைந்து, ஆறு பருவங்களுக்கும் குழந்தைகள் வண்ணம் தீட்டினர். கூதிருக்கும் முன்பனிக்கும் இடையே ஒரு சிறுவன் சாம்பல் நிறத்தில் ஏழாவது கீற்று ஒன்றைச் சேர்த்தான். என்ன என்று கேட்டேன். “புகைக்காலம். அப்ப வெளிய போகக் கூடாது” என்றான். வாகனப் புகையும், அண்டை மாநிலங்களின் வயல்களில் எரியும் நெல்தாளின் புகையும், காற்றசையாக் குளிரில் இந்நகரின்மேல் தேங்குவதை நாம் அறிவோம். அதனால் 2016, 2019, 2023ஆம் ஆண்டுகளின் நவம்பர்த் திங்களில் பள்ளிகள் மூடப்பட்டதையும் அறிவோம். நமக்கு அது இடையூறு. அவனுக்கோ அது ஆண்டுதோறும் தவறாது வரும் ஒரு பருவம். அந்தக் கீற்றை நான் அழிக்கச் சொல்லவில்லை. பச்சைக் கோலை நீட்டிய பிழையை இரண்டாம் முறை செய்ய எனக்கு மனம் வரவில்லை. அழிக்க வேண்டியது படத்தில் இல்லை, வானத்தில் இருக்கின்றது. அது பெரியவர்களாகிய நம் கடமை.

தாய்மார்களே, தந்தைமார்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பள்ளியில் குழந்தை மரத்தைக் காணும். பெயரை இந்தியிலும் ஆங்கிலத்திலும் கேட்கும். கொன்றை, நாவல், இலவு, கூதிர், வாடை என்னும் சொற்களை வீட்டில் நீங்கள் சொன்னாலன்றி, வேறெவரும் அவற்றைச் சொல்லப்போவதில்லை. ஞாயிறு மாலையில் அரை மணி நேரம் போதும்; கைபிடித்து நடந்து, காண்பவற்றின் பெயரைக் கூறுங்கள். உங்களுக்குத் தெரியாத பெயரைப் பாட்டியிடம் கேளுங்கள்.

சித்திரை வெயிலில் எங்கள் முள்ளிலவின் காய் வெடித்துப் பஞ்சு பறந்தது. பழுக்கும் என்று காத்திருந்து ஏமாந்த கிளியின் கதையைச் சொன்னேன். பிள்ளைகள் பஞ்சைத் துரத்தியபடியே சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வளர்ந்தபின் தமிழ் தானே வந்துவிடும் என்று காத்திருக்கும் நாமும் இலவு காத்த கிளியாகிவிடக் கூடாதே என்று எண்ணினேன். காத்திராமல், இந்த வாரமே குழந்தையின் கையைப் பிடித்துத் தெருவில் இறங்குங்கள்.