செடிக்கும் சொந்த ஊர் உண்டு

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசளிப்பு விழா என்றால் கல்வியின் சிறப்பைப் பேசுவது வழக்கம். அதைப் பேச என்னைவிடத் தகுந்தவர்கள் இம்மேடையில் இருக்கிறார்கள். நான் செடி வாங்குவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள்! சுங்கைப்பட்டாணிக்குச் சாமான் வாங்கப் போகிற நம்மில் பலர், ஒரு கையில் காய்கறிப் பையும் மறு கையில் செடிப் பையுமாகத்தானே வீடு திரும்புகிறோம்?

செடிக்கடையில் நாம் கேட்பது இரண்டே கேள்வி. "பூ என்ன கலரு? விலை எவ்வளவு?" பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளையின் நிறத்தையும் சம்பளத்தையும் மட்டும் கேட்டுவிட்டுச் சம்மதம் சொல்லுவோமா? "சொந்த ஊரு எது?" என்றுதானே முதலில் விசாரிப்போம். செடி வாங்கும்போதும் அதைக் கேளுங்கள் என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

நம் வாழ்வே ஊர்விட்டு வந்த மரங்களோடு பின்னிக் கிடக்கிறது. நம் பாட்டன் பாட்டி வெட்டிய பால்மரத்தின் சொந்த ஊர் பிரேசில். 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற வெள்ளைக்காரர் சுமார் 70,000 விதைகளை அங்கிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. பால்மரம் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று நிற்கும் செம்பனைக்கு ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. வாசலில் பூக்கும் காகிதப்பூவும், கொல்லையில் இருக்கும் பப்பாளியும், மிளகாயும், மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. 1960-இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட செம்பருத்தியும் இந்நாட்டுக் காட்டில் தானாக முளைத்ததல்ல.

நாமும் கப்பலேறி வந்தவர்கள்தானே! முருங்கையும் கறிவேப்பிலையும் வேம்பும் நம்மவர் இங்கே பேணி வளர்த்த சொத்து. வந்த செடிகளை நான் பழிக்கவில்லை. முருங்கையை வெட்டச் சொன்னால் என் வீட்டிலேயே எனக்குச் சோறு கிடைக்காது! ஆனால் வந்த செடியிலும் அடங்கி வாழ்வது உண்டு, ஊரையே வளைத்துப் போடுவதும் உண்டு. குளத்தை மூடும் ஆகாயத்தாமரையும், மேட்டில் படரும் உன்னிச்செடியும் பூவின் அழகைப் பார்த்து மனிதன் கொண்டு வந்தவைதான். அழகை மட்டும் பார்த்து வாங்கினால் வருவது இந்த வினை.

இந்த மண்ணின் செடிக்கு இந்த மண்ணின் வானம் தெரியும். ஜனவரி, பிப்ரவரியில் கெடா வறண்டு போகிறது, பால்மரம் இலையுதிர்த்து நிற்கிறது. பிறகு மழை கொட்டுகிறது. இந்தக் காய்ச்சலையும் மழையையும் பல்லாயிரம் ஆண்டாகப் பார்த்த செடி, ஒரு முறை வேர் பிடித்துவிட்டால் அதிகம் கேட்காது. இங்குள்ள தேன்சிட்டுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் அதன் வாசல் பழக்கம்.

அப்படிப்பட்ட செடிகள் எவை? பாடாங், சடக்கு ஓரம் எங்கும் ஊதாப்பூ பூத்து நிற்கும் செண்டுடோக்கைப் பாருங்கள். அதன் பழத்தைத் தின்றுவிட்டு நாக்கு கறுத்துப் போய் அம்மாவிடம் அடி வாங்காத தோட்டத்துப் பிள்ளை உண்டா? களை என்று வெட்டி எறிகிறோம். ஒரு மூலையில் விட்டு வைத்தால் குருவிகளே தேடி வரும். லக்சாவுக்குப் போடும் கந்தான் பூவும், கெசும் கீரையும் இந்த வட்டாரத்துச் செடிகளே. ரம்புத்தானும் மங்குஸ்தீனும் இங்கத்திய மரங்களே. தாம்பூலத் தட்டில் வைக்கிறோமே வெற்றிலை, அதன் பிறப்பிடமும் இந்தத் தென்கிழக்காசியப் பகுதிதான் என்கிறார்கள் தாவர அறிஞர்கள்.

இன்னொன்று சொன்னால் வியப்படைவீர்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் வரிசையாக அடுக்கிய பூக்களில் புன்னை உண்டு, வகுளம் என்ற மகிழம்பூ உண்டு, செண்பகம் உண்டு. இந்த மூன்று மரங்களும் தமிழ்நாட்டுக்கும் சொந்தம், மலாயாவுக்கும் சொந்தம். புன்னையை மலாய்க்காரர் பெனாகா லாவுட் என்பர். மகிழம்பூவை தஞ்சோங் என்பர். செண்பகத்தை செம்பாக்கா என்பர். வரலாற்றுப் பாடத்தில் பரமேஸ்வரா மலாக்கா மரத்தடியில் நின்ற கதையைப் படிக்கிறீர்களே, மாணவர்களே, அந்த மலாக்கா மரம் நம்முடைய நெல்லிதான்! 1025-இல் இராசேந்திரசோழன் கப்பல்கள் இந்தக் கடாரக் கரைக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே புன்னை இரு கரையிலும் பூத்துக்கொண்டிருந்தது. ஆகவே இந்த ஊர்ச் செடியை வாங்கினால் நம் பழமையை விட்டுக்கொடுக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். பல வேளைகளில் அது நம் பழைய உறவாகவே இருக்கும்.

நிற்க. எப்படி வாங்குவது என்பதை, நான் செய்த தவற்றிலிருந்தே சொல்லுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாசார் மாலாமில் பூச்சி பிடிக்கும் குடுவைச் செடி ஒன்றைப் பார்த்தேன். "காட்டிலேருந்து நேரா எடுத்து வந்தது, சுலபத்துல கிடைக்காது" என்றார் வியாபாரி. பெருமையாக வாங்கி வந்து, நம் பழக்கப்படி ஆட்டெரு அள்ளிப் போட்டேன். மூன்றே வாரத்தில் கருகிவிட்டது. குடுவைச் செடி சத்தில்லாத மண்ணில் வாழப் பழகியது. அதனால்தான் பூச்சியைப் பிடித்து உண்கிறது. நான் போட்ட எருவே அதற்கு நஞ்சாயிற்று. அந்தச் செடி இருந்த மலைச்சரிவில் இப்போது ஒரு குழிதான் இருக்கும். என் 15 வெள்ளிதான் அந்தக் குழியைத் தோண்டியது என்பதை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

ஆகவே முதலாவது: "இது விதையிலோ பதியத்திலோ வளர்த்ததா, காட்டில் பிடுங்கியதா?" என்று கேளுங்கள். காட்டில் பிடுங்கியது என்றால் வாங்காதீர்கள். நிரந்தரக் காப்புக் காட்டிலிருந்து உரிமமின்றிச் செடி எடுப்பது 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி குற்றம்.

இரண்டாவது: பழமரம் வாங்கும்போது ஒட்டுக்கன்றா என்று பாருங்கள். பால்மரத்துக்கு ஒட்டுக் கட்டிய கைகள் இங்கே எத்தனையோ உண்டு, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விதையில் முளைத்த ரம்புத்தான் ஆண்மரமாகப் போனால் ஆயுளுக்கும் காய்க்காது. மங்குஸ்தீன் மட்டும் விதிவிலக்கு. அதன் விதை மகரந்தம் சேராமலே உண்டாவது, ஆகையால் கன்று தாயைப் போலவே வரும். ஆனால் முதல் காய்ப்புக்குப் பல ஆண்டுகள் பொறுக்க வேண்டும்.

மூன்றாவது: பெரிய செடியைவிடச் சின்னச் செடி நல்லது. பைக்குள் வேர் சுருண்டு பந்தாகிப் போன செடி தரையில் இறங்கியும் தேறாது. பையின் அடியைப் பார்த்து வாங்குங்கள்.

நான்காவது: காய்ச்சல் மாதத்தில் நடாதீர்கள். ஏப்ரல் மழையிலோ செப்டம்பர், அக்டோபர் மழையிலோ நட்டால், அடுத்த வறட்சிக்குள் வேர் ஊன்றிக்கொள்ளும்.

ஐந்தாவது: இடத்தைப் பார்த்து வாங்குங்கள். புன்னை பெரிதாகும்; அது கோயில் திடலுக்கும் பள்ளித் திடலுக்கும் ஏற்றது. தாமான் வீட்டின் மூன்றடி மண்ணுக்குக் கந்தானும், ஒரு தொட்டிக்குக் கெசும் அல்லது வல்லாரையும் போதும். தொட்டித் தட்டில் மட்டும் தண்ணீர் தேங்க விடாதீர்கள், டிங்கிக் கொசு குடியேறிவிடும்.

இதை ஏன் இந்த மேடையில் சொல்லுகிறேன்? நான் லயத்து வீட்டில் பிறந்தவன். வீட்டுக்குப் பின்னால் அம்மாவுக்கு ஒரு கொல்லை இருந்தது. அம்மா முருங்கைக்கீரை பறித்துக் கம்பத்து மலாய்க்கார மக்சிக்கிடம் கொடுப்பார். மக்சிக் கந்தான் பூ கொடுப்பார். ஒரு நாள் வேரோடு ஒரு கிழங்கையே கொடுத்து, "நீயும் நட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு தோட்டம் கைமாறியது, லயம் இடிக்கப்பட்டது. நாங்கள் வெளியேறிய அன்று, தட்டுமுட்டுச் சாமான்களோடு அம்மா ஒரு சாக்கையும் லாரியில் ஏற்றினார். அதில் ஒரு முருங்கைக் கொம்பும் ஒரு கந்தான் கிழங்கும் இருந்தன. "வீடு நம்மளது இல்லப்பா, இதாவது நம்மளது" என்றார்.

அம்மா இன்று இல்லை. அந்த இரண்டும் என் வீட்டு வேலியோரம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று நாம் கொண்டு வந்தது, மற்றொன்று இந்த மண் நமக்குக் கொடுத்தது. என் பேரப்பிள்ளைக்கு இரண்டின் பெயரும் ஊரும் தெரியும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள ஐந்து செடிகளின் பெயரையும் சொந்த ஊரையும் தாத்தா பாட்டியிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டு எழுதி வாருங்கள். பெற்றோர்களே, அடுத்த முறை செடிக்கடைக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போங்கள். மூன்றாவது கேள்வியை அது கேட்கட்டும்.