கக்கன்: செய்த வேலையையும் சொல்லுவோம்

(சித்தேரியில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கக்கன் யாருன்னு கேட்டா எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்லுவாங்க. அமைச்சராக இருந்தவர், கடைசிக் காலத்தில் மதுரை அரசு ஆஸ்பத்திரியில் சாதாரண வார்டில் கிடந்தார், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். பார்த்து உதவி செய்தார் என்று. உண்மைதான். ஆனால் அதோடு நிறுத்தினால் அவருக்கு நியாயம் செய்ததாகாது.

அவர் 1908-ல் மேலூர் பக்கம் தும்பைப்பட்டியில் பிறந்தார். அப்பா கிராமக் கோயில் பூசாரி. பூசாரி மகனாக இருந்தும், தாழ்த்தப்பட்டவர் என்பதால் மதுரை மீனாட்சியம்மன் கோயில் வாசலைத் தாண்ட முடியாது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் உள்ளே நுழைந்து அந்தத் தடையை உடைத்தவர்களில் கக்கனும் ஒருவர்.

பிறகு அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். 1952-ல் மக்களவை உறுப்பினர். 1957-ல் காமராஜர் மந்திரிசபையில் பொதுப்பணித் துறை அமைச்சர். அவர் பொறுப்பில் இருந்தபோதுதான், 1959-ல், வைகை அணை திறக்கப்பட்டது. அடுத்து விவசாயம், அதற்கடுத்து உள்துறை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூடுகளுக்கான கண்டனமும் உள்துறை அமைச்சர் என்ற முறையில் அவர்மேல் விழுந்தது. அதையும் மறைக்க வேண்டாம். 1967-ல் மேலூரில் தோற்றார். சொத்து எதுவும் சேர்க்காமலே 1981-ல் மறைந்தார்.

பிரிட்டனில் அனூரின் பெவன் என்று ஒருவர் இருந்தார். சிறு வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கிய தொழிலாளி. சுகாதார அமைச்சராகி 1948-ல் எல்லோருக்கும் இலவச வைத்தியம் கொண்டு வந்தார். அந்த நாட்டு மக்கள் அவரை அந்த வேலைக்காக நினைக்கிறாங்க. நாம மட்டும் கக்கனை ஆஸ்பத்திரிக் கட்டிலை வைத்தே நினைக்கிறோம். ஏழை வீட்டுப் பிள்ளை பதவிக்கு வந்தால் அவருடைய எளிமையைப் புகழ்கிறோம், திறமையைப் பேச மறந்துவிடுகிறோம்.

இந்த மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். நாளைக்கு நீங்க அதிகாரியாகவோ எம்.எல்.ஏ.வாகவோ வரலாம். கை சுத்தமாக இருக்கட்டும், அது அடிப்படை. ஆனா "பாவம், நல்ல மனுஷன்" என்ற பேரோடு திருப்திப்படாதீங்க. "இந்த ரோடு அவர் போட்டது, இந்தப் பள்ளிக்கூடம் அவர் கொண்டு வந்தது" என்று ஊர் சொல்லணும்.