நோவைத் தீர்ப்பதே முதற்கடன்

(வெள்ளவத்தையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



தீராத நோயுற்றவர் சாவை வேண்டினால் சட்டம் அதற்கு இடங்கொடுக்கலாமா என்று நம்மிடையே வாதம் எழுந்துள்ளது. நெதர்லாந்து 2002ஆம் ஆண்டிலேயே இடங்கொடுத்தது என்பர் ஒரு சாரார். உயிரைத் தந்தவனே எடுக்கவேண்டும் என்பர் மறு சாரார். இருவரையும் ஒன்று கேட்கின்றேன்: சாவை வேண்டும் அந்நோயாளியின் நோவைத் தணிக்க நாம் செய்தது என்ன?

மும்பை வைத்தியசாலை ஒன்றில் தாதியாயிருந்த அருணா ஷான்பாக் 1973ஆம் ஆண்டு கொடியவன் ஒருவனால் தாக்கப்பட்டு நினைவிழந்தார். அவருக்கு உணவூட்டலை நிறுத்துமாறு கேட்ட மனுவை இந்திய உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு தள்ளியது. மீட்சியற்றோரின் சிகிச்சையை நிறுத்துதற்குப் பொதுவிதி வகுத்த அதே தீர்ப்பிலேயே தள்ளியது! காரணம், அவரைப் பேணிவந்த தாதியர் அதற்கு இசையவில்லை. 2015இல் அவர் இறக்கும்வரை, 42 ஆண்டுகள், அவர்களே பேணினர்.

மறுபுறம் பாருங்கள். தமிழ்நாட்டு விருதுநகர்ப் பகுதியில் முதியோரை எண்ணெய் முழுக்காட்டிச் சாகவிடும் 'தலைக்கூத்தல்' என்னும் வழக்கம் 2010ஆம் ஆண்டு வெளிச்சத்துக்கு வந்தது. அதனையும் கருணை என்றே சொன்னார்கள். பேண ஆளில்லாமையும் வறுமையுமே அங்கே கருணை என்னும் பெயர் பூண்டு நின்றன.

நம் நாட்டில் தற்கொலை முயற்சி குற்றம் என்னும் விதி 1998ஆம் ஆண்டு நீங்கிற்று. தற்கொலைக்கு உடந்தையாதல் இன்றும் குற்றமே. சட்டம் நாளை எவ்வாறாயினும் ஆகுக. இன்று நம் கண்முன் நடப்பது என்ன? வடக்கிலிருந்து வரும் கமக்காரர், காணியை ஈடுவைத்து, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உறவினர் வீடுகளில் தங்கி, மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அலைகின்றனர். இனிச் செய்வதற்கொன்றுமில்லை என்ற சொல்லோடு ஊர் திரும்புகின்றனர்.

செய்வதற்கு உண்டு! 1967ஆம் ஆண்டு இலண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் நிறுவிய நிலையம் அதனை உலகுக்குக் காட்டிற்று. மகரகமையிலும் புற்றுநோய்ச் சங்கத்தின் 'சாந்த சேவன' இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம் உண்டு. தக்க அளவில் வைத்தியர் கொடுக்கும் மோர்பின் கடும் நோவையும் அடக்கும். அதனைப் போதைப்பொருள் என்று அஞ்சி மறுப்பது கருணையாகாது.

நோவைச் சொல்ல மொழி வேண்டும். குத்துகின்றதா, எரிகின்றதா, உளைகின்றதா என்பதைத் தாய்மொழியிலன்றி எம்மொழியிற் சொல்வது? தமிழும் ஆட்சிமொழி என்று 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பில் எழுதினர். அவ்வெழுத்து நோயாளியின் கட்டிலருகே வரவேண்டாமா?

ஆகவே மாவட்டந்தோறும் நோவு தணிக்கும் பிரிவும், தமிழறிந்த தாதியரும், வீடு தேடிவரும் பராமரிப்பும் கேட்போம். வீட்டாரும் நோயாளியிடம் உண்மையை மறையாது, அவர் விருப்பத்தைக் கேட்டறிக. இவையெல்லாம் கொடுத்த பின்னரும் ஒருவர் சாவை வேண்டினால், அப்போது அவ்வாதத்தை நேர்மையுடன் நடத்தலாம். கொடுக்காமல் நடத்துவது அறமன்று.