நேற்றுவரை கூட இருந்தவர் இன்று நம் மேடைக்கு வரலாமா?

(மேலப்பாளையத்தில் நடந்த போராட்ட விளக்கக் கூட்டத்தில் சங்கத்தின் மூத்த உறுப்பினர் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாத கடைமடை விவசாயிகள் கேட்டுக்கொண்டபடி இங்கே அச்சிடப்படுகிறது.)

 

நம்முடைய கோரிக்கைகள் என்னவென்று எனக்கு முன்னால் பேசியவர்கள் விவரமாகச் சொல்லிவிட்டார்கள். பாளையங்கால்வாயில் சாக்கடையை விடாதே, கடைமடைக்கு முறைப்படி தண்ணீர் விடு, கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று பிடுங்குவதை நிறுத்து. அதைத் திரும்ப நான் சொல்லி உங்க நேரத்தை எடுக்கப் போவதில்லை. நான் பேச வந்தது வேறு விஷயம். கொஞ்சம் சங்கடமான விஷயம்தான்.

நம்ம போராட்டத்துக்கு ஆதரவு தருகிறேன், மேடைக்கு வருகிறேன் என்று ஒரு பெரிய மனிதர் ஆள் அனுப்பியிருக்கிறார். பல வருஷம் ஒரு தலைவருக்குப் பக்கத்திலேயே நின்றவர். கார்க் கதவைத் திறந்து விட்டதும் அவர்தான், ஃபைலைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவர்தான். இப்போது ரெண்டு பேருக்கும் ஆகவில்லை. உள்ளே நடந்ததையெல்லாம் நம்ம மேடையில் வைத்து உடைக்கப் போகிறாராம். கமிட்டியில் பாதிப் பேர், "வரட்டும்வே, கூட்டம் கூடும், டி.வி.காரன் வருவான்" என்கிறார்கள். பாதிப் பேர், "அந்த ஆள் வாசலை மிதிக்கக் கூடாது" என்கிறார்கள். அவர் பேரை நான் சொல்ல மாட்டேன். இவர் இல்லாவிட்டால் நாளைக்கு இன்னொருத்தர் வருவார். ஆகையால் இந்த மாதிரி வருகிறவர்களை நாம் எப்படி நடத்துவது என்று இன்றைக்கே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

நம்ம மேலப்பாளையம் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகாத விவசாயி இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். தரகர் என்ன செய்வார்? துண்டுக்குள்ளே கையைப் பிடித்து விலை பேசி முடிக்கிற வரைக்கும் மாடு நல்ல மாடு, சுழி சுத்தம், ஏருக்கும் வண்டிக்கும் அசராது. நாம் பணத்தைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவோம். ரெண்டு மாசம் கழித்து விற்றவனுக்கும் தரகருக்கும் கமிஷனில் தகராறு வரும். அப்புறம் நம்மைத் தேடி வந்து, "அண்ணாச்சி, அந்த மாட்டுக்கு அன்னைக்கே சுழி சரியில்ல, எனக்குத் தெரியும்" என்பார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உண்மை தெரிந்தே நம்ம தலையில் கட்டியதும் அவர்தானே?

அரசியலில் இதற்குப் பெரிய உதாரணம் நம்ம தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 2017 பிப்ரவரி 7, ராத்திரி. மெரினாவில் ஜெயலலிதா சமாதி முன்னால் ஓ.பன்னீர்செல்வம் கண்ணை மூடி உட்கார்ந்தார். எழுந்து வந்து, என்னைக் கட்டாயப்படுத்தி ராஜினாமா வாங்கினார்கள் என்றார். ராஜினாமா கொடுத்தது பிப்ரவரி 5. ரெண்டே நாள் இடைவெளி. அதற்குத் "தர்மயுத்தம்" என்று பேர் வந்தது. நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்த்தது.

அதற்கு முந்தின மாசம் என்ன நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? 2017 ஜனவரி 10-ஆம் தேதி, தமிழ்நாடு முழுக்க வறட்சி என்று அறிவித்தவர் முதலமைச்சராக இருந்த இதே பன்னீர்செல்வம்தான். நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் என்றார்கள். டெல்டாவில் காய்ந்த பயிரைப் பார்த்து விவசாயிகள் மாண்டுகொண்டிருந்த நேரம். இங்கே தாமிரபரணியில் பிசானத்துக்குத் தண்ணீர் இல்லை. அந்த நேரத்தில் கோட்டையில் நாற்காலிச் சண்டை. எம்.எல்.ஏ.க்களைக் கூவத்தூர் ரிசார்ட்டில் அடைத்து வைத்தார்கள். பிப்ரவரி 18-ஆம் தேதி ஓட்டெடுப்பு: எடப்பாடி பழனிசாமிக்கு 122, எதிர்த்து 11. மார்ச் மாசம் நம்ம ஆட்கள் அய்யாக்கண்ணு தலைமையில் மண்டை ஓட்டை வைத்துக்கொண்டு டெல்லி ஜந்தர் மந்தரில் வெயிலில் உட்கார்ந்தார்கள். அதுவும் யுத்தம்தான். அதற்கு யாரும் பேர் வைக்கவில்லை.

அப்புறம் ஆகஸ்ட் 21-ஆம் தேதி ரெண்டு அணியும் ஒன்றாகிவிட்டன. பன்னீர்செல்வம் துணை முதலமைச்சர். சேருவதற்கு அவர் அணி வைத்த பெரிய நிபந்தனைகள் என்ன? ஜெயலலிதா மரணத்துக்கு விசாரணை வேண்டும், சசிகலா குடும்பத்தை வெளியே தள்ள வேண்டும். வறட்சி நிவாரணம் நிபந்தனையா? இல்லை. தண்ணீர் நிபந்தனையா? இல்லை. 2016 நவம்பரில், கங்கைகொண்டான் சிப்காட் குளிர்பானக் கம்பெனிகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டிருந்தது. உபரித் தண்ணீரைத்தான் கொடுக்கிறோம் என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். 2017 மார்ச் 2-இல் தடை போய்விட்டது. கடைமடை காய்ந்த வருஷத்தில் உபரித் தண்ணீர்! அதுவும் நிபந்தனையில் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் கேட்ட விசாரணைக்காகவே ஆறுமுகசாமி ஆணையம் அமைத்தார்கள். பல தடவை சம்மன் போனது. அவர் வந்து சாட்சி சொன்னது 2022 மார்ச்சில். அன்றைக்கு என்ன சொன்னார்? மக்களுக்குச் சந்தேகம் இருந்ததால் விசாரணை கேட்டேன், சசிகலா மேல் எனக்குத் தனிப்பட்ட முறையில் மரியாதை உண்டு என்றார். அஞ்சு வருஷத்தில் யுத்தம் ஆறிப்போய்விட்டது. அவர் கெட்டவர் என்று சொல்ல நான் வரவில்லை. தன் வீட்டுச் சண்டைக்கு ஊரைக் கூப்பிடுகிறவர், வீட்டுக்குள் சமாதானம் ஆனதும் ஊரை மறந்துபோவார். மனுஷ சுபாவம் அது.

திண்டுக்கல் சீனிவாசனைப் பாருங்கள். ஜெயலலிதா ஆஸ்பத்திரியில் இருந்தபோது அம்மா இட்லி சாப்பிட்டார், டீ குடித்தார் என்று மந்திரிகள் சொன்னார்கள். 2017 செப்டம்பரில் மதுரைக் கூட்டத்தில் மந்திரியாக இருந்துகொண்டே இவர் சொன்னார்: அதெல்லாம் பொய், நாங்கள் யாரும் பார்க்கவில்லை, மன்னித்துவிடுங்கள் என்று. எத்தனையோ பேர் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைவியின் உடம்பைப் பற்றியே இவ்வளவு பேர் சேர்ந்து கூசாமல் பொய் சொன்னார்கள் என்றால், அணையில் எத்தனை அடி, கிட்டங்கியில் எத்தனை மூட்டை என்று சொல்கிற கணக்கை நாம் எந்த நம்பிக்கையில் வாங்குவது?

ஆனால் ஒரு விஷயம், அண்ணாச்சிமார்களே. உள்ளே இருந்தவன் வாய் திறந்தால்தான் சில உண்மை வெளியே வரும். அதை நான் மறுக்கவில்லை. வெகுதூரம் போக வேண்டாம், இந்த ஆறு கடலில் சேருகிற பக்கத்தையே பாருங்கள். 2018 மே 22, தூத்துக்குடியில் துப்பாக்கிச்சூடு. 13 உயிர் போனது. டி.வி.யைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார் அன்றைய முதலமைச்சர் பழனிசாமி. அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரித்தது. நிமிஷத்துக்கு நிமிஷம் அவருக்குத் தகவல் சொன்னோம் என்று அன்றைய தலைமைச் செயலாளரும், டி.ஜி.பி.யும், உளவுத்துறைத் தலைவரும் சாட்சி சொன்னார்கள். டி.வி.யைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்பது சரியில்லை என்று ஆணையம் எழுதியது. 2022 அக்டோபர் 18-இல் அந்த அறிக்கை சட்டசபைக்கு வந்தது. அந்த அதிகாரிகள் எந்த மேடையிலும் ஏறிக் கையை ஆட்டவில்லை. பிரமாணம் எடுத்துக் கூண்டில் நின்று சொன்னார்கள். தாமதம்தான். ஆனாலும் அது பதிவில் ஏறிவிட்டது. நாளைக்கு யாரும் சமாதானம் பேசி அதை அழிக்க முடியாது. மெரினாவில் சொன்னது காற்றோடு போனது, கூண்டில் சொன்னது காகிதத்தில் நின்றது.

இது இன்றைக்கு நேற்று வந்த வியாதி இல்லை. நெருக்கடி நிலை காலத்தில், 1975 ஜூலையில், அதை அங்கீகரிக்கும் தீர்மானத்தை மக்களவையில் கொண்டுவந்தவர் ஜெகஜீவன்ராம். அப்போது அவர் இந்திரா காந்தி மந்திரிசபையில் விவசாய மந்திரி! 1977 ஜனவரியில் தேர்தல் அறிவித்தார்கள். பிப்ரவரி 2-இல் ராஜினாமா செய்து எதிர்ப்பக்கம் போனார். அந்தத் தேர்தலில் அது இந்திராவுக்குப் பெரிய அடி. பிரயோஜனம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நடுவில் 19 மாசம் ஜெயிலில் கிடந்தவர்கள் கிடந்தவர்கள்தான்.

இப்போது பஞ்சாப் பக்கம் வாங்க. நமக்கு உபயோகமான பாடம் அங்கேதான் இருக்கிறது. மூன்று வேளாண் சட்டங்கள் முதலில் 2020 ஜூன் 5-இல் அவசரச் சட்டமாக வந்தன. மத்திய மந்திரிசபையில் அகாலி தளத்தின் ஹர்சிம்ரத் கவுர் பாதல் இருந்தார். முதலில் அவர் கட்சி அந்தச் சட்டங்களுக்குப் பரிந்துதான் பேசியது. பஞ்சாப் விவசாயி டிராக்டரை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தான். கட்சிக்காரன் கிராமத்துக்குள் தலைகாட்ட முடியவில்லை. செப்டம்பர் 17-இல் ராஜினாமா. 26-இல் கூட்டணியையே முறித்தார்கள். பன்னீர்செல்வம் திரும்பியது தன் நாற்காலி ஆடியபோது. அகாலி தளம் திரும்பியது காலுக்கடியில் கிராமம் ஆடியபோது. இந்த வித்தியாசத்தை உண்டாக்கியது சங்கம்!

அதோடு நிற்கவில்லை. நவம்பர் 26-இல் டெல்லி எல்லையில் போய் உட்கார்ந்தார்களே, அந்த விவசாயிகள் எந்தக் கட்சித் தலைவனுக்கும் தங்கள் மேடையைக் கொடுக்கவில்லை. ஆதரவா, சந்தோஷம், கீழே உட்கார் என்றார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் குளிரிலும் மழையிலும் கிடந்தார்கள். 2021 நவம்பர் 19-இல் சட்டத்தை வாபஸ் வாங்குகிறோம் என்று பிரதமரே டி.வி.யில் வந்து சொன்னார். 2022 பஞ்சாப் தேர்தலில் அகாலி தளத்துக்குக் கிடைத்தது 117-இல் 3 இடம். லேட்டாக வந்ததற்கு விவசாயி கணக்குத் தீர்த்துவிட்டான்.

சத்யபால் மாலிக்கையும் சொல்ல வேண்டும். மேகாலயா கவர்னராக இருந்துகொண்டே டெல்லி விவசாயிகளுக்காகப் பேசினார். நாற்காலியில் உட்கார்ந்தபடி பேசினாரே, அதற்கு ஒரு கும்பிடு. அதே மனிதர் 2019 புல்வாமா தாக்குதல் நடந்தபோது காஷ்மீர் கவர்னர். பாதுகாப்பில் ஓட்டை இருந்தது, வாயை மூடச் சொன்னார்கள் என்று அவர் விலாவாரியாகப் பேட்டி கொடுத்தது 2023 ஏப்ரலில், பதவிக்காலம் எல்லாம் முடிந்த பிறகு. ஒரே ஆளிடம் ரெண்டு குணமும் உண்டு. ஆகையால் ஆளைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். எப்போது சொன்னான், எங்கே சொன்னான் என்று பாருங்கள்.

நம்ம ஆற்று மணல் விஷயமும் இதில் வரும். மணல் எப்படிப் போகிறது, எத்தனை லாரி, எவ்வளவு ஆழம் என்று தெரிந்தவர்கள் ஆட்சிக்குள்ளேயும் ஆபீசுக்குள்ளேயும் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆனால் 2010-இல் தாமிரபரணியில் மணல் எடுக்க ஐந்து வருஷத் தடை வாங்கியது யார்? ஸ்ரீவைகுண்டத்துக்காரர், நல்லகண்ணு ஐயா. வயது எண்பதைத் தாண்டிய மனிதர் மதுரைக் கிளையில் தானே எழுந்து நின்று வாதாடினார். உள்ளே இருக்கிறவன் மனசு மாறட்டும் என்று அவர் காத்திருந்தால் ஆற்றில் பாறைதான் மிஞ்சியிருக்கும்.

சரி, நம்ம விருந்தாளிக்கு வருவோம். அவரை விரட்ட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மேடையும் கொடுக்க வேண்டாம். கமிட்டி முன்னால் ஒரு நாற்காலி போடுவோம். பச்சைத் துண்டைப் போர்த்த வேண்டாம், மாலை வேண்டாம், டீ கொடுப்போம். நாலு கேள்வி கேட்போம். ஒன்று, நம்ம கால்வாய் சம்பந்தமாகவும் கொள்முதல் சம்பந்தமாகவும் நீங்கள் கையெழுத்துப் போட்ட உத்தரவு என்னென்ன, என்ன தேதி? ரெண்டு, அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்தும் வெளியே சொல்லாதது என்ன? மூன்று, அதை நோட்டரி முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா, கோர்ட்டில் கூப்பிட்டால் வருவீர்களா? நாலு, நாளைக்கு உங்கள் தலைவரோடு மறுபடியும் சேர்ந்தாலும் அந்தக் காகிதம் எங்களிடமே இருக்கும், சம்மதமா?

நாலுக்கும் சரி என்றால் அந்தக் காகிதத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் நாம் வாங்கி வைத்திருக்கும் பதில்களோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். பொருந்தினால் வக்கீலிடம் கொடுப்போம். அவர் விருப்பப்பட்டால் தர்ணாவுக்கு வந்து நம்மோடு பந்தலில் தரையில் உட்காரட்டும். மைக் கிடையாது. முடியாது என்றால், வந்ததற்கு நன்றி, போயிட்டு வாங்க.

டி.வி.காரன் வரமாட்டான் என்கிறார் தம்பி ஒருவர். வராவிட்டால் போகட்டும். கலெக்டர் ஆபீஸ் முன்னால் ஆயிரம் பேர் நெற்கதிரோடு உட்கார்ந்தால் அவனுக்கு வேறு வழி கிடையாது.

இதைத் தீர்மானமாக முன்மொழிகிறேன். சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்க. பெண்கள் பக்கமும் தூக்கணும், சும்மா இருக்கக் கூடாது. எதிர்க்கிறவங்களும் தாராளமாத் தூக்கலாம், பேர் எழுதிக்கிடுவோம், பகை கிடையாது. எண்ணி முடிச்சதும் செயலாளர் தர்ணாவுக்கான வேன் ஏற்பாடு பற்றிச் சொல்லுவார். பட்டா நகல், அடங்கல் நகல் கொண்டுவராதவங்க அதையும் அவர்கிட்டக் கேட்டுக்கோங்க.