தோள் கொடுக்க மறுத்தவர்கள்



அகிம்சை கோழைகளின் கொள்கை என்று நம் பிள்ளைகளில் சிலர் பேசித் திரிகிறார்கள். அவர்களைச் சிங்கப்பூரின் இந்தத் தஞ்சோங் பகார் துறைமுகப் பக்கம் கூட்டி வாருங்கள்.

1945 அக்டோபர் 21. ஜப்பானியர் இங்கே சரணடைந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. அரிசிக்கே திண்டாட்டம். ஜப்பானியர் கட்டவைத்த சயாம் ரயில் பாதை வேலைக்குப் போன தமிழர்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. அந்த நேரத்தில் இதே தஞ்சோங் பகார் துறையில் 7,000 தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். கூடவே, ஜாவாவில் விடுதலைக்குப் போராடும் மக்களைச் சுட டச்சுப் படைக்குப் போகும் ஆயுதக் கப்பல்களைத் தொடமாட்டோம் என்றும் சொன்னார்கள்.

கிடங்கில் துப்பாக்கிப் பெட்டி. துறையில் கப்பல். நடுவே இருந்தது தொழிலாளியின் தோள். அந்தத் தோள் விலகிக்கொண்டது! பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? நேற்றுவரை எதிரி என்று சண்டையிட்டதே, அந்த ஜப்பானியக் கைதிகளையே கொண்டுவந்து சரக்கு ஏற்ற வைத்தது. விடுவிக்க வந்தோம் என்றவர்களின் சாயம் அன்றே வெளுத்தது. எந்தத் துப்பாக்கியால் அதைச் சாதித்திருக்க முடியும்?

அந்தத் தொழிலாளர்களை வழிநடத்தியவர்கள் காந்தியவாதிகள் அல்லர், பலர் கம்யூனிஸ்டுகள். இருக்கட்டும். அநியாயத்துக்கு ஒத்துழைக்க மறுக்க எந்தக் கட்சிச் சீட்டும் தேவையில்லை.

நாமோ ரேஸ் கோர்ஸ் லேனில் காந்திக்கு நினைவு மண்டபம் கட்டினோம். 1950இல் நேருவே வந்து அடிக்கல் நாட்டினார். இன்று காந்திக்கு மாலை போடுகிறோம், கைதட்டுகிறோம். அப்புறம் அடங்கிப் போ என்று சொல்ல அவரையே சாட்சிக்கு இழுக்கிறோம். இது துரோகம் இல்லையா?

அடங்கிப் போவது வழி இல்லை என்றால், கலவரமும் வழி இல்லை. 2013 டிசம்பர் 8ஆம் தேதியை நாம் மறக்கவில்லை. லிட்டில் இந்தியாவில் பேருந்தில் அடிபட்டு நம் தொழிலாளி ஒருவர் இறந்தார். கோபம் வந்தது, வரத்தான் செய்யும். ஆனால் ஆம்புலன்ஸைக் கொளுத்தியதால் கிடைத்தது என்ன? 25 பேர் மீது வழக்கு. 50 பேருக்கு மேல் நாடு கடத்தல். அதற்குப் பிறகு பேச்செல்லாம் மதுவைப் பற்றித்தான். தங்குமிடமும் சம்பளமும் பின்னுக்குப் போயின.

இன்றும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் லாரியின் பின்தட்டில், மழையிலும் வெயிலிலும், சரக்கோடு சரக்காகப் போகிறார்கள். அவர்களால் வேலையை நிறுத்த முடியாது. வேலை அனுமதி முதலாளியின் கையில் இருக்கிறது. ரத்துச் செய்தால் ஊருக்கு விமானம், கடனோ தலைமேல். ஆகவே மறுக்கும் பொறுப்பு குடிமக்களாகிய நம்முடையது. உங்கள் வீட்டைப் புதுப்பிக்கும் ஒப்பந்தக்காரரிடம், ஆட்களை எதில் ஏற்றி வருகிறாய் என்று கேளுங்கள். லாரி என்றால் வேலை இல்லை என்று சொல்லுங்கள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அடுத்த மக்கள் சந்திப்புக்கு அண்டை வீட்டாரையும் அழைத்துப் போய், இந்தத் தொழிலாளர்கள் பேருந்தில் போவது எந்த ஆண்டிலிருந்து என்று கேளுங்கள். தேதி சொல்லும்வரை திரும்பத் திரும்பப் போங்கள்.